வல்லாரையும் பிரமியும் ஒரே செடியா?

இல்லை, இரண்டும் வேறு வேறு. வடமொழியிலும் இந்தியிலும் இரண்டையுமே 'பிராமி' என்று அழைப்பதுண்டு, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இலையைப் பார்த்தால் போதும். வல்லாரை இலை சிறுநீரக வடிவில், ஓரம் பல் பல்லாக, நீண்ட காம்போடு இருக்கும். தண்டு தரையில் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும். கொத்தமல்லி, கேரட் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரமியின் (நீர்ப்பிரமி என்றும் சொல்வார்கள்) இலையோ சின்னது, சதைப்பற்றானது, காம்பே இருக்காது. கசப்பும் கடுமையாக இருக்கும். அதனால் கீரையாகச் சாப்பிட ஏற்றது வல்லாரைதான்.

சரி, ஞாபகசக்தி கூடுமா? இரண்டுக்குமே அந்தப் பெயர் உண்டு. ஆனால் வல்லாரையைப் பொறுத்தவரை அதற்கு உறுதியான சான்று இல்லை. பரீட்சைக்கு முதல் நாள் தின்று பயனில்லை! வல்லாரையிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுகிறது. காயம் ஆற்றும் களிம்புகளில் அதைச் சேர்ப்பது அதனால்தான்.

அப்புறம் ஒன்று: வல்லாரை ஈரமண்ணில் வளர்வது, மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். சாக்கடையோரம் முளைத்ததைப் பறிக்காதீர்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வல்லாரை மாத்திரைகளைத் தொட வேண்டாம்.