நடைக் குதிரைக் காட்சியில் கால் பரிசோதனை: கேள்வி பதில்

டென்னசி வாக்கிங் என்ற அமெரிக்க நடைக் குதிரைகளைப் போட்டிக் காட்சிக்குக் கொண்டுபோகும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, காட்சி வளாகங்களில் கால்நடை மருத்துவனாக நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். குதிரையின் விலையும் வம்சாவளியும் என் துறையல்ல.

கேள்வி: முதன்முறையாக என் மகள் குதிரையை இறக்கப் போகிறாள். பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

பதில்: நடை உயர வேண்டுமென்று முன்னங்கால்களை வேண்டுமென்றே புண்ணாக்கியிருக்கிறார்களா என்று கண்டறியவே இந்தப் பரிசோதனை. முதலில் குதிரையை நடத்தச் சொல்லி, அது இயல்பாக, வலியின்றி அடியெடுத்து வைத்துத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு குதிரையை நிறுத்தி, முழங்காலிலிருந்து குளம்பு வரை முன்னங்கால்களைத் தடவுவார்கள். பாதத்தைத் தூக்கிக் கணுவின் (குளம்புக்குச் சற்று மேலுள்ள பகுதி) பின்புறக் குழிவையும் குதிப்பகுதியையும், காலை முன்னே நீட்டிக் கணுவின் முன்புறத்தையும் கட்டைவிரலின் தட்டைப் பகுதியால் அழுத்துவார்கள். நகம் வெளுக்கும் அளவே அழுத்தம் இருக்கும். அதே இடத்தை மறுபடி அழுத்தும்போதெல்லாம் குதிரை காலை இழுத்துக்கொண்டால் அது வலி. உங்கள் மகள் கடிவாள வாரைக் கடிவாளக் கம்பியிலிருந்து ஏறத்தாழ 18 அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். தலையை இறுக்கிப் பிடித்தால் வலியை மறைக்கப் பார்ப்பதாகவே எண்ணுவார்கள். வாக்கிங் குதிரைப் பிரிவுகளில் முதலிடம் பெறும் குதிரையைப் போட்டி முடிந்தபின் மீண்டும் பரிசோதிப்பார்கள், ஆகவே கோப்பையை வாங்கியவுடன் வண்டியில் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: காலில் எண்ணெய் தடவலாமா?

பதில்: பரிசோதனைக்கு முன் குளம்புக்கு மேலே எதையும் தடவக் கூடாது. பரிசோதனைக்குப் பின் ஏற்பாட்டாளர் தரும் கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, கனிம எண்ணெய் ஆகியவை மட்டுமே அனுமதிக்கப்பட்டவை.

கேள்வி: முன்னங்கால் கணுவில் மாட்டும் சங்கிலியின் எடை வரம்பு?

பதில்: ஒரு காலுக்கு 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம். வீட்டுத் தராசை நம்பி வராதீர்கள்.

கேள்வி: கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அறிவியலா? கூச்ச சுபாவமுள்ள குதிரை யார் தொட்டாலும் துள்ளும். எங்கள் சங்கத்து ஆய்வாளர்களுக்குக் குதிரை தெரியும். அரசு மருத்துவர்களுக்குக் காகிதம்தான் தெரியும்.

பதில்: இதே வாதத்தை இன்னும் மூவர் எழுதியிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். துள்ளும் குதிரை எங்கே தொட்டாலும் துள்ளும். வலியுள்ள குதிரை குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் காலை இழுக்கும். நான் அஞ்சுவது துள்ளும் குதிரையை அல்ல, அசையாத குதிரையை. ஒருமுறை என் முன் நின்ற பழுப்புக் குதிரையின் கணுவில் ஈ வந்து அமர்ந்தது. அது தோலைக்கூடச் சிலிர்க்கவில்லை. மரத்துப்போகும் மருந்து தடவியிருக்கலாம், அல்லது தொழுவத்தில் போலிப் பரிசோதனை நடத்தி, அசைந்த போதெல்லாம் அடித்துப் பழக்கியிருக்கலாம். அதனால்தான் கால்களைத் துடைத்த துணி ஆய்வகத்துக்குப் போகிறது. வெப்பப் படக்கருவியும் எக்ஸ்ரேயும் பயன்படுகின்றன.

கடுகெண்ணெயும் டீசலும் தடவிக் காலைப் புண்ணாக்கி, அந்த வலியால் குதிரை முன்னங்காலை உயரத் தூக்கும்படி செய்ததைத் தடுக்கவே 1970இல் அமெரிக்காவில் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976 திருத்தத்துக்குப் பின் பரிசோதனைப் பணி, குதிரைச் சங்கங்கள் உரிமம் வழங்கும் ஆய்வாளர்களின் கைக்குப் போனது. பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது, ஏனெனில் தம்மை அமர்த்திய சங்கத்தின் உறுப்பினர்களையே அவர்கள் தகுதிநீக்க வேண்டியிருக்கிறது. சட்டத்தை அமல்படுத்தும் அமெரிக்க வேளாண் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகமே 2010இல் இம்முறையைக் கைவிடப் பரிந்துரைத்தது. டென்னசி மாநிலத்தின் ஷெல்பிவில்லில் 1939 முதல் நடக்கும் இக்குதிரைகளின் பெருங்காட்சியில், 2006ஆம் ஆண்டு, பரிசோதனைத் தகராற்றால் தலைமை வெற்றியாளர் என எந்தக் குதிரையும் அறிவிக்கப்படவில்லை. அன்றைய மருத்துவர்களைக் குறை கூறுவோர், வாயிலில் நின்ற குதிரைகளின் கணுக்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லட்டும்.

கேள்வி: சங்கிலியும், குளம்பை உயர்த்த அதன் அடியில் வைக்கும் அடுக்கும் தடைசெய்யப்பட்டுவிட்டனவா?

பதில்: 2024 மே மாதம் வேளாண் துறை வெளியிட்ட விதி அவற்றைத் தடைசெய்தது. டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2025 ஜனவரி 31 அன்று அத்தடையை ரத்துசெய்தது. எஞ்சிய விதிகளின் அமலாக்க நாளும் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிற்று. பழைய வரம்புகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: செயற்கையாக நீட்டப்படும் முன்நுனி இயற்கைக் குளம்பு நீளத்தின் பாதியைத் தாண்டக் கூடாது, இரண்டு வயது வரையுள்ள குதிரைக்குக் குதிப்பகுதியை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தும் அடுக்கு கூடாது.

கேள்வி: பழைய தழும்புக்காகத் தகுதிநீக்குவார்களா?

பதில்: இரு முன்னங்கால் கணுக்களிலும் முன்பக்கம் புண் சதையோ வீக்கமோ, அளவு மீறிய முடியுதிர்வோ இருந்தால், ஆம். பின்பக்கத்தில் சீராகத் தடித்த தோல் மட்டும் இருந்து, அதில் ஈரமோ அழற்சியோ இல்லாவிட்டால் அனுமதிப்பார்கள்.

கேள்வி: நான் உரிமையாளர் மட்டுமே, பயிற்சியாளர் செய்ததற்கு நானா பொறுப்பு?

பதில்: புண்பட்ட குதிரையைக் காட்சிக்கு விட அனுமதித்த உரிமையாளரும் சட்டப்படி பொறுப்பானவரே. தொழுவத்துக்கு முன்னறிவிப்பின்றிச் செல்லுங்கள், நீங்களே கணுவை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: பாட்டி சொன்ன மூலிகை எண்ணெய் தடவலாமா?

பதில்: எண்ணெய்க் கேள்விக்கு மேலே பதில் சொல்லியாயிற்று, ஐயா. பரிசோதனைக்கு முன் எந்த எண்ணெயும் வேண்டாம், பாட்டியுடையதும் வேண்டாம்.