டிஸ்னி அரை மாரத்தானுக்கு முந்தின நாள் சாப்பாடு

முந்தின நாள் என்ன சாப்பிடலாம் என்று கேட்டீர்கள். டிஸ்னி பூங்காவில் விற்கும் வான்கோழிக் கால், டோல் விப் என்ற அன்னாசிச் சுவைக் குளிர் இனிப்பு எல்லாவற்றையும் ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை ஐந்தரைக்குள் சோறோ பாஸ்தாவோ, எண்ணெய் குறைவாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

போன தடவை பாதி வழியில் வயிறு கலக்கியது என்கிறீர்கள். டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஒவ்வொரு நாட்டு அரங்காகச் சுற்றி, இரவு வரை பொரித்ததும் சீஸுமாகச் சாப்பிட்டதுதான் காரணமாக இருக்கும். கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும். புளோரிடாவில் ஓட்டம் தொடங்குவதோ விடிகாலை 5 மணிக்கு. தொடங்கும் இடத்துக்குப் போகும் பேருந்துக்கு 3 மணி வாக்கிலேயே நிற்க வேண்டும். அந்நேரம் விடுதியில் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். வாழைப்பழம், ரொட்டி இரண்டையும் முதல் நாளே அறையில் வாங்கி வையுங்கள்.

ஊரிலேயே ஒரு நீண்ட ஓட்டத்துக்கு முன் இதே சாப்பாட்டை இதே நேரத்தில் சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் கலக்கினால் ஓடும் வழியில் சக்திக்காக எடுக்கும் இனிப்பு ஜெல்லைச் சந்தேகப்படுங்கள். அதை வெறும் தண்ணீரோடு எடுப்பது நல்லது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால் நான் சொன்ன நேரக்கணக்கை அப்படியே பின்பற்றாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

பெரிய விருந்தை ஓட்ட நாள் மதியத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். பதக்கத்தோடே போகலாம், அங்கே பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்!