மரம் ஏறும்போது இடுப்பில் எந்தக் கயிறு? (கேள்வி பதில்)

டெல்டாவில் மட்டை கழிக்கவும் கிளை வெட்டவும் ஏறுகிற பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே எடுத்து வைத்திருக்கிறேன். கஜா புயலுக்கு முன்னிருந்தே எனக்கு இதுதான் தொழில்.

மன்னார்குடியிலிருந்து: அண்ணே, கட்டட வேலைக்குக் கொடுக்கிற இரட்டைக் கொக்கி சேஃப்டி பெல்ட் ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் புளியமரம் ஏறலாமா?

வேண்டாம் தம்பி. அது விழுந்த ஆளைப் பிடிக்கிற கயிறு. நமக்கு வேண்டியது ஆளை விழவே விடாமல் மரத்தோடு சேர்த்து நிறுத்துகிற கயிறு. அந்த வகையில் ஷாக் அப்சார்பர் (விழும் அதிர்ச்சியைத் தாங்கப் பிரிந்து நீளுகிற மடிப்புப் பை) வைத்த கயிறு 2 மீட்டர் வரை நீளம் இருக்கும். ஆள் விழும்போது அந்தப் பை பிரிந்து இன்னும் 1.75 மீட்டர் வரை இறங்கலாம். உடம்பில் கயிறு மாட்டிய இடத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், அதற்குக் கீழே 1 மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 6 மீட்டருக்கு மேல் வருகிறது. 15 அடி உயரக் கிளையில் நிற்பவரைக் கயிறு பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். மரத்தில் நடுவே கிளைகள் வேறு.

கடையில் ‘ஒர்க் பொசிஷனிங் லேன்யார்டு’ என்று கேளுங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்க அட்ஜஸ்டர் இருக்கும், லேபிளில் ஈ.என். 358 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கும். ஹார்னஸில் (உடம்பில் மாட்டுகிற வார்ப்பட்டை) இடுப்பின் இரு பக்க வளையங்களிலும் மாட்டி, எப்போதும் இழுத்துப் பிடித்தே வைத்திருங்கள். தளரவிட்டுக் கட்டின இடத்துக்கு மேலே ஏறி, அங்கிருந்து விழுந்தால் கயிறு அறாமல் இருக்கலாம், முதுகெலும்பு தாங்காது.

பேராவூரணியிலிருந்து: தென்னையில் கிளையே இல்லையே, எங்கே கட்டுவது?

தென்னைதான் உண்மையில் கஷ்டம். ஒற்றைச் சுற்றாகப் போட்ட கயிறு, கால் வழுக்கினால் ஆளோடு சேர்ந்து வழவழவென்று அடிவரை இறங்கிவிடும். அதனால் மேலே வேலை செய்யும் இடம் வந்ததும், குலைக்குக் கீழே தண்டைச் சுற்றி இரண்டு சுற்று விட்டு இறுக்குங்கள். எடை விழுந்தால் சுற்று மரத்தைக் கவ்விக்கொள்ள வேண்டும். பச்சையாக இருந்தாலும் மட்டையில் கட்டவே கூடாது. அரிவாள் வீசுகிற பக்கத்தில் கயிறு போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு முன் அடிமரத்தைப் பாருங்கள். செம்பழுப்பாகச் சாறு வடிந்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பிறகு நம் கடலோரத்தில் கவனத்துக்கு வந்த நோய் இது. அடித்தண்டும் வேரும் உள்ளே அழுகியிருக்கும். அந்த மரத்தில் எவ்வளவு நல்ல கயிறு கட்டியும் பயனில்லை, மரத்தோடு சேர்ந்து விழுவீர்கள். கீழே நின்றே வேலையை முடிக்கப் பாருங்கள்.

வேதாரண்யத்திலிருந்து: உள்ளே ஸ்டீல் கம்பி வைத்த கயிறு நல்லதா?

அரிவாளோ கைரம்பமோ பட்டால் சட்டென்று அறாது. அந்த வகையில் தென்னைக்கு எனக்கு அது பிடிக்கும். ஆனால் செயின் சாவுக்கு முன்னால் அதுவும் நிற்காது. மரத்தின் மேல் செயின் சா எடுத்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கட்டு இருந்தே ஆக வேண்டும். இடம் மாறும்போதும் அப்படித்தான், இரண்டாவதை மாட்டிய பிறகே முதலாவதைக் கழற்றுங்கள். இன்னொன்று, கம்பியில் கரண்ட் பாயும். பக்கத்தில் ஈ.பி. லைன் போனால் நார்க்கயிறே எடுங்கள். அப்போதும் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் உறைக்குள்ளே கம்பி துருப்பிடிப்பது வெளியே தெரியாது, அதையும் யோசித்து வாங்குங்கள்.

கும்பகோணத்திலிருந்து: கொக்கி எப்படி இருக்க வேண்டும்?

தானாகப் பூட்டி, மூன்று அசைவில் திறக்கிற கராபினர் (வாய் பூட்டுகிற வளையக் கொக்கி) வாங்குங்கள். திருகுப் பூட்டு வேண்டாம் என்பேன். ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் காலை முழுக்க வேலை செய்துவிட்டுக் குனிந்து பார்த்தால், என் கொக்கியின் திருகு பட்டையில் உரசி உரசி முழுக்கக் கழன்றிருந்தது. வாய் திறக்க ஒரு சின்ன அழுத்தம்தான் பாக்கி. அன்றைக்கே அதை மாற்றினேன்.

சீர்காழியிலிருந்து: போர் மோட்டார் இறக்க வாங்கின கயிறு கெட்டியாக இருக்கிறதே?

ஆகாது. அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். சுமார் 165 டிகிரியிலேயே உருகும், வெயிலில் நைந்தும் போகும். உரசல் சூட்டுக்கு பாலியெஸ்டர் எவ்வளவோ மேல். நைலான் மழையில் நனைந்தால் வலு குறையும். எந்தக் கயிறானாலும் நடுவில் முடிச்சுப் போட்டால் பலம் நன்றாகவே இறங்கும்.

திருவையாற்றிலிருந்து: உதவிக்கு ஆள் இல்லாமல் ஏறலாமா?

கூடாது ஐயா. மயங்கி ஹார்னஸில் தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இறக்கத் தெரிந்தவர் கீழே இருக்க வேண்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து: கயிற்றை எப்போது மாற்றுவது?

ஏறுவதற்கு முன் தினமும் முழு நீளத்தையும் விரலுக்கிடையில் விட்டு உருவுங்கள். ஓரிடம் மட்டும் மெலிந்தோ உப்பியோ தட்டுப்படுகிறதா? அங்கே வளைத்துப் பாருங்கள். சீராக வளையாமல் காகிதம் மடிந்தது போல மடங்கினால் உள்நார் போய்விட்டது. கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியான இடம் இருந்தால் அது உருகிய தடம். தைத்த நூல் பிரிந்திருந்தாலும், ஒரே ஒரு தடவை விழுந்த ஆளைத் தாங்கியிருந்தாலும் அந்தக் கயிறு முடிந்தது. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் தயாரிப்பாளர் சொன்ன ஆயுளைத் தாண்டி வைத்திருக்காதீர்கள்.

அப்புறம், கழித்த கயிற்றை மாட்டுக்கொட்டகையில் மாட்டி வைக்காதீர்கள். முழக்கணக்கில் வெட்டிப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் அடுத்த சீசனில் யாராவது ஒரு பையன் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிவிடுவான்.