குளிர் மிகுந்த வடக்கு நகரத்துக்கு வேலை மாற்றலாகிப் போகிறேன், எப்படித் தயாராவது?

வெயிலில் பிறந்து வளர்ந்தவர், உறைபனியை நேரில் பார்த்ததில்லை, ஜனவரியில் பணியில் சேர வேண்டும், என்னென்ன உடை வாங்கிக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உடையைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் உங்கள் கவலைகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிவைக்க விரும்புகிறேன். நானும் வெப்பமான ஊரிலிருந்து வேலைக்காக இப்படியொரு நகரத்துக்கு வந்து குடியிருப்பவன். குளிரைக் காசு கொடுத்து வாங்கும் பொருள்களால் தடுத்துவிடலாம். வீட்டை எங்கே பார்க்கிறீர்கள், வெளிச்சம் சுருங்கிப்போகும் மாதங்களை எப்படிக் கழிக்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் அப்படி வாங்க முடியாது. அங்கே நீங்கள் நிலைப்பீர்களா, முதல் குளிர்காலத்தோடு மூட்டை கட்டுவீர்களா என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் பொறுத்தது.

பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன் சேரும் தேதியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் போய்ச் சேர்ந்தால் உடம்பு படிப்படியாகப் பழகும்; தெருக்களையும் பஸ் தடங்களையும் வெளிச்சத்தில் கற்றுக்கொள்ளலாம்; வீடு தேட அவகாசம் கிடைக்கும். ஜனவரிதான் என்றால், முதல் மாதத்துக்கு வேண்டிய எல்லாம் உள்ள தற்காலிகத் தங்குமிடத்தை நிறுவனமே ஏற்பாடு செய்து தருமா என்று கேளுங்கள். இடமாற்றத்துக்கென்று தரும் தொகையைப் பல நாடுகளில் வருமானமாகக் கருதி வரி பிடிப்பார்கள். அந்த வரியை யார் ஏற்பது, குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் தொகையைத் திருப்பித் தர வேண்டுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். மனிதவளத் துறையினருக்கு இவை பழகிய கேள்விகள்.

இனி வீடு. குளிர் நகரத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. வெளியில் நிற்கும் நிமிடங்களில் அளக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து எட்டாவது நிறுத்தத்தில், வாசலிலேயே பஸ் நிற்கும் வீடு நல்ல வீடு. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், ஆற்றுப்பாலத்தைக் காற்றுக்கு எதிரே நடந்து கடக்க வேண்டிய வீடு ஜனவரியில் தண்டனைதான். சில நகரங்கள் இதற்கென்றே கட்டடங்களை இணைத்துவைத்திருக்கின்றன. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1962ஆம் ஆண்டு முதல் தெருவுக்கு மேலே மூடிய நடைபாலங்கள் கட்டி வருகிறார்கள். கனடாவின் கால்கரியில் உள்ள இணைப்புக்குப் 'பிளஸ் 15' என்று பெயர். தெருவிலிருந்து ஏறத்தாழ 15 அடி உயரத்தில் இருப்பதால் அந்தப் பெயர். மான்ட்ரியாலில் நிலத்துக்கு அடியில் மெட்ரோ நிலையங்களையும் கடைகளையும் அலுவலகங்களையும் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் போகும் நகரத்தில் அப்படி ஒன்று இருந்து, அலுவலகமும் அதில் இணைந்திருந்தால், வீடு தேடும் வரைபடத்தை அதைச் சுற்றியே போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வீட்டைச் சூடாக்கும் செலவு வாடகையில் அடங்குமா என்பது. அடங்காவிட்டால், முந்தைய குளிர்கால மாதங்களின் கட்டணச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோடை மாதத்துச் சீட்டால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா, மூன்று அடுக்கா? நேரில் பார்க்கப் போனால், ஜன்னல் சட்டத்தின் ஓரமாகப் புறங்கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். காற்று கசிகிற இடம் ஊசி குத்துவதுபோலத் தெரியும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே உள்ள வீடுகளில் தரை சில்லென்று இருக்கக்கூடும். தெற்கு பார்த்த ஜன்னல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாவது பிடியுங்கள். வடக்கு நாடுகளில் குளிர்காலச் சூரியன் தெற்கு அடிவானத்தை ஒட்டியே நகரும். வேறு திசை ஜன்னல்களுக்கு அது எட்டிப் பார்க்காமலே போய்விடும். நடைபாதைப் பனியை அள்ளுவது யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவையுங்கள். பல ஊர்களில் வீட்டு முகப்பு நடைபாதையைக் குறித்த நேரத்துக்குள் சுத்தம் செய்வது குடியிருப்பவர் அல்லது உரிமையாளரின் சட்டப்படியான கடமை. இன்னொன்று, வெப்பப் பகுதியிலிருந்து வருபவர்களுக்குத் தோன்றவே தோன்றாதது: ஊருக்குப் போகும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஹீட்டரை அடியோடு அணைத்துவிடாதீர்கள். குழாயில் தண்ணீர் உறைந்து விரிந்து, குழாய் வெடித்து, வீடு முழுக்க வெள்ளமாகிவிடும். குறைத்து வைக்கலாம், அணைக்கக் கூடாது.

உடைக்கு வருகிறேன். வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு இன்னோர் எண்ணும் வரும். காற்று சேர்ந்தால் தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதற்கான எண் அது. பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இருவர் அண்டார்க்டிகாவில் சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் உறையும் வேகத்தை அளந்து 1945இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கியது இது. 2001இல் மனித முகத்தை வைத்தே சோதித்து, கனடாவும் அமெரிக்காவும் புதிய சூத்திரத்துக்கு மாறின. அதன்படி மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 33. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கலாம். ஆகவே காலையில் வெளியே கிளம்பும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒரு பெரிய தடித்த கோட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழை மேலாடையோ ஸ்வெட்டரோ, அதற்கும் மேல் காற்று புகாத கோட்டு என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். உள்ளாடை பருத்தியாக இருக்க வேண்டாம். வெயிலில் நமக்கு உற்ற துணையான பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே வந்ததும் அந்த ஈரமே உங்களைக் குளிரவைக்கும். விரல்கள் எல்லாம் ஒரே பையில் சேர்ந்திருக்கும் கையுறை, தனித்தனி விரல் வைத்ததைவிடக் கதகதப்பானது. பூட்ஸ் விரல்களை அசைக்க இடம் தருகிற அளவில் இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் வேகமாக விறைக்கும்.

உள்ளாடை, காலுறை, குல்லாய் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ளலாம். கோட்டையும் பூட்ஸையும் மட்டும் போன இடத்தில் வாங்குங்கள். வெப்ப ஊர்க் கடைகளில் 'குளிர்கால உடை' என்று விற்பவை பெரும்பாலும் மலைவாசஸ்தலக் குளிருக்கானவை. மைனஸ் 25 வேறு விஷயம். அங்குள்ள பழைய பொருள் கடைகளிலும் நல்ல கோட்டுகள் கிடைக்கும்.

கடுங்குளிரில் தோல் உறைந்துபோவதைப் பனிக்கடி என்பார்கள். அதில் கவனிக்க வேண்டியது, அது வலியோடு வராது என்பதுதான். நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். இமை மயிர்களில் மூச்சின் ஈரம் வெண்மையாகப் படிந்து, கண் சிமிட்டும்போதெல்லாம் இமைகள் லேசாக ஒட்டிப் பிரிந்தன. பக்கத்தில் நின்ற அலுவலகத் தோழி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, "கன்னத்தை மூடுங்கள், உடனே" என்றார். கன்னத்து எலும்பின் மேல் சிறிய காசு அளவுக்குத் தோல் வெளிறியிருந்தது என்று பிறகு சொன்னார். எனக்கு அங்கே எரிச்சலோ வலியோ எதுவுமே இல்லை. வெறும் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே நின்றேன். சூடு திரும்பியபோதுதான் சுரீரென்றது. கருமையான தோலில் இந்த வெளிறல் சாம்பல் நிறமாகவோ மெழுகுபோலவோ தெரியும்; எளிதில் கண்ணில் படாது. அதனால் சேர்ந்து நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்க்கும் பழைய வைத்தியம் தோலைக் கிழித்துவிடும். உணர்ச்சி திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

உள்ளே இருக்கும் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மைனஸ் 20 டிகிரிக் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதையே அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கில் ரத்தம் கசியும், உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். குளித்ததும் ஈரம் காய்வதற்குள் தோலில் கெட்டியான களிம்பு தடவுங்கள். ஈரப்பதமூட்டி வைக்கலாம், ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியத் தொடங்கினால் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

நான் நிறையச் சொல்ல விரும்புவது இருட்டைப் பற்றி. டிசம்பர் பிற்பகுதியில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் காலை 9.24 மணி வாக்கில் சூரியன் உதித்து, மாலை 3.13 வாக்கில் மறைந்துவிடும். கனடாவின் எட்மன்டனில் பகல் ஏழரை மணி நேரம். நார்வேயின் டிரோம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இந்த எண்களைப் படித்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். இருட்டில் வேலைக்குப் போய், இருட்டில் வீடு திரும்பி, வாரக்கணக்கில் சூரியனைச் சனி ஞாயிறுகளில் மட்டுமே பார்க்கும்போது அது வேறு. தூக்கம் தீராது. இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் மனம் தேடும். யாரையும் பார்க்கத் தோன்றாது. 'வந்த வேலை பிடிக்கவில்லை, இந்த ஊர் எனக்கு ஒத்துவராது' என்று பலரும் முடிவுகட்டுவது இந்த மாதங்களில்தான்.

நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர், வெயில் மிகுந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து 1970களில் நியூயார்க்குக்குப் பயிற்சிக்காக வந்தவர். குளிர்காலம் வந்ததும் தன் ஊக்கம் வடிந்துபோவதையும் வசந்தத்தில் அது திரும்புவதையும் அவர் தன்னிடமே கவனித்தார். பின்னர் 1984இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் இந்தப் பருவகால மனச்சோர்வை விவரித்து, ஒளி சிகிச்சையைப் பற்றியும் எழுதினார்கள். உங்களைப் போலவே வேலைக்காக வடக்கே வந்த ஒருவர் கவனித்த விஷயம் இது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். இந்தச் சோர்வு உங்கள் மன உறுதியின் குறைபாடு அல்ல. இதற்குப் பெயர் உண்டு, சிகிச்சை உண்டு.

10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) ஒளி தரும் விளக்கு ஒன்றை அக்டோபரிலேயே வாங்கி வைத்து, காலையில் எழுந்ததும் 20, 30 நிமிடங்கள் அதன் முன்னால் உட்காருங்கள். ஒளியை நேராக உற்றுப் பார்க்க வேண்டியதில்லை; பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிக்கலாம். கண் நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். விளக்கைவிடவும் எனக்குக் கைகொடுப்பது நண்பகல் நடை. உணவு இடைவேளையில், மேகமூட்டமாக இருந்தாலும், 20 நிமிடம் வெளியே போய்வருகிறேன். மேகத்தினூடே வரும் பகல் வெளிச்சம்கூட அலுவலக விளக்குகளைவிடப் பல மடங்கு பிரகாசமானது. நிறுவனத்திடம் நண்பகலில் அந்தச் சிறு இடைவெளியையும் ஜன்னலோர இருக்கையையும் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தைப் போலவே இதுவும் பேசிப் பெற வேண்டிய ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

வைட்டமின் டி பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். 1988இல் வெளியான ஓர் ஆய்வு, எட்மன்டன் இருக்கும் அட்சரேகையில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் தோலில் அந்த வைட்டமினை உண்டாக்கவில்லை என்று காட்டியது. நம்மைப்போல் கருமையான தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் தேவைப்படும். புறப்படுவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், அளவை அங்கே போய் ஒப்பிட வசதியாக இருக்கும்.

முதல் குளிர்காலத்திலேயே கார் ஓட்டாமல் இருக்க முடிந்தால் நல்லது. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் குளிர்கால டயர் கட்டாயம். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுகத் தொடங்கிவிடும். கடுங்குளிர் ஊர்களில் என்ஜினைச் சூடாக வைத்திருக்க மின்செருகி உள்ள ஹீட்டரைக் காரில் பொருத்துவார்கள், எனவே கார் நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். பனியில் சிக்கிய காரில் ஹீட்டர் போடும் முன் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை அகற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

நடக்கும்போது அதிகம் பயப்பட வேண்டியது புதுப் பனிக்கு அல்ல, உருகி மறுபடி உறைந்த பனிக்கு. ஈரமான தார்ச்சாலைபோல் தெரியும், கால் வைத்தால் வழுக்கும். உடம்பைச் சற்று முன்சாய்த்து, சிறு சிறு அடியாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி நடங்கள். கைகள் பைக்குள் இருக்க வேண்டாம்.

பயண நாளுக்குக் கடைசியாக ஒரு ஏற்பாடு. கனமான ஸ்வெட்டர், குல்லாய், கையுறை, கம்பளிக் காலுறை, மூடிய காலணி ஆகியவற்றையும், இரவல் வாங்கியாவது ஒரு கோட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம். பெட்டி வராமல் போனாலும் விமான நிலையத்திலிருந்து தங்குமிடம் வரை உங்கள் உடம்பு தாங்க வேண்டும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்; வெளிப்பையில் வைத்தால் குளிரில் பேட்டரி இறங்கி அணைந்துவிடும். தங்குமிடத்தின் முகவரியைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் அலுவலகத்தில் யாரிடமாவது, "கோட்டும் பூட்ஸும் எங்கே வாங்கலாம், கூட வர முடியுமா?" என்று கேளுங்கள். அந்த ஊரில் குளிர்காலங்களைக் கடந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஏராளமாக இருக்கும். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கூடவே வருவார்கள்.