மோட்டார்ஹோமுக்குப் பின்னால் குட்டிக் கார்: கேள்வி பதில்

பிரிட்டனிலிருந்து மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை உள்ள வண்டி) ஐரோப்பா போகிறவர்கள் பின்னால் ஒரு சின்னக் காரையும் இழுத்துப் போவது பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு பதில்களுக்குப் போகலாம்.

லெஸ்டர்: அண்ணா, எங்களிடம் பழைய சிட்ரோயன் சி1 இருக்கிறது. ஏ-ஃபிரேமா, டிரெய்லரா?

நல்ல கார். சி1, பெஜோ 107, டொயோட்டா அய்கோ மூன்றும் ஒரே வடிவமைப்பு, சுமார் 800 கிலோ. ஏ-ஃபிரேம் என்பது காரின் முன்பக்கம் பூட்டும் முக்கோண இரும்புச் சட்டம். கார் தன் நான்கு சக்கரங்களிலேயே உருண்டு வரும். பிரிட்டன் போக்குவரத்துத் துறை அப்படி வரும் காரை டிரெய்லராகவே கருதுகிறது. டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். ஆகவே வெறும் இரும்புச் சட்டம் போதாது. நீங்கள் பிரேக் போட்டால் காரும் பிரேக் போட வேண்டும். இன்ஜின் அணைந்த காரில், பிரேக் பெடலை லேசாக்கும் சர்வோ உதவி சில அழுத்தல்களிலேயே தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும். பொருத்துகிறவர் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பின்னால் விளக்குகள், சிவப்பு முக்கோண ரிஃப்ளெக்டர், மோட்டார்ஹோமின் நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும்.

டிரெய்லரில் ஏற்றினால் இன்னும் சுமார் 300 கிலோ கூடும். கேம்ப்சைட்டில் அதை நிறுத்தவும் இடம் தேட வேண்டும். ஆனாலும் கடல் தாண்டுவதென்றால் என் பதில் டிரெய்லர்தான்.

அதற்கு முன் மோட்டார்ஹோமின் எடைத் தகட்டைப் பாருங்கள். நான்கு எண்கள் இருக்கும்: வண்டியின் உச்ச எடை, இழுப்பதையும் சேர்த்த உச்ச எடை, முன் அச்சு, பின் அச்சு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், வண்டி முழுச் சுமையோடு இருக்கும்போது எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியும். சில வண்டிகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

குரோய்டன்: ஸ்பெயினுக்கு ஏ-ஃபிரேமில் போகலாமா?

வேண்டாம். ஓடும் நிலையிலுள்ள ஒரு மோட்டார் வாகனத்தை இன்னொரு வாகனம் இழுப்பதை அங்கே அனுமதிப்பதில்லை. பழுதான வண்டிக்கு மட்டும் விலக்கு. போலீஸ் பிடித்தால் அபராதம் அங்கேயே. பிறகு நெடுஞ்சாலை ஓரத்திலேயே கழற்றி, இன்னொருவர் காரை ஓட்டி வர வேண்டியதுதான். ஜெர்மனியிலும் பழுதான வண்டியை இழுக்கத்தான் இடம் உண்டு.

ஹாரோ: அண்ணை, என்ர கார் ஓட்டோமற்றிக். ஏ-ஃபிரேமில கட்டலாமோ?

பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் கூடாது, தம்பி. கியர்பாக்ஸுக்கு எண்ணெய் தள்ளும் பம்பை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் அணைந்திருக்க சக்கரம் மட்டும் நூறு மைல் சுற்றினால் உள்ளே எண்ணெய் ஓடாமல் உராய்ந்து எரிந்துபோகும். மின்சாரக் காரும் வேண்டாம். சக்கரம் சுற்றும்போது மோட்டாரும் சுற்றும். நான்கு சக்கரமும் டிரெய்லர் மேல் ஏற வேண்டும். எடைத் தகடு, மறக்காதீர்கள்.

பர்மிங்ஹாம்: ஸ்பெயின் பற்றிச் சொன்னது தவறு. 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி பிரிட்டனில் சட்டப்படி ஓடும் வாகனத்தை மற்ற நாடுகள் ஏற்றே ஆக வேண்டும். இங்கே அது டிரெய்லர், அங்கேயும் டிரெய்லர்தான்.

இந்த வாதத்தை நம்பித்தான் பலர் அபராதம் கட்டுகிறார்கள். எனவே முழுதாகச் சொல்கிறேன். அந்த 1968 ஒப்பந்தத்தைப் பிரிட்டன் 2018இல் உறுதிசெய்தது. 2019 மார்ச் 28இல் அது நமக்கு நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தில் டிரெய்லர் என்பது மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவதற்கென வடிவமைக்கப்பட்ட வாகனம். சொந்த இன்ஜினும் தனிப் பதிவெண்ணும் உள்ள சி1 அப்படி வடிவமைக்கப்பட்டதா? பிரிட்டன் துறை சொல்வது பிரிட்டன் சட்டத்துக்கான விளக்கம். ஸ்பெயின் போலீஸ்காரரை அது கட்டுப்படுத்தாது.

மீண்டும் பர்மிங்ஹாம்: அப்படியானால் நீதிமன்றத்தில் வாதாடலாமே?

வாதாடலாம் ஐயா. ஆனால் அங்கே நிற்கப்போவது விடுமுறைக்கு வந்த குடும்பம். பின் சீட்டில் குழந்தைகள், மொழி தெரியாத ஊர், நாளைக்கு ஃபெர்ரி. அவர்களிடம் ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வராது.

ஸ்லவ்: என் மைத்துனர் வருஷா வருஷம் ஏ-ஃபிரேமில் ஸ்பெயின் போகிறார். யாரும் நிறுத்தியதில்லையே?

நிறுத்தாதது அனுமதி ஆகாது.

டொராண்டோ: கனடாவில் எப்படி?

வட அமெரிக்காவில் நான்கு சக்கரத்தில் இழுப்பது சகஜம். ஜீப் ராங்ளரில், விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையே நியூட்ரலில் போடலாம். உங்கள் காரின் கையேட்டில் பொழுதுபோக்குப் பயணத்தில் இழுப்பது பற்றித் தனிப் பகுதி இருக்கும். அது கூடாது என்றால் கூடாது. பிரேக் விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

கொவென்ட்ரி: ஏ-ஃபிரேமோடு ரிவர்ஸ் எடுக்க முடியுமா?

முடியாது. பின்னால் தள்ளிய உடனே காரின் முன் சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுதும் திரும்பிக்கொள்ளும். மேலும் தள்ளினால் சட்டம் பம்பரை நெரிக்கும். சந்தில் மாட்டினால் கழற்றத்தான் வேண்டும். கார் கோணலாக நின்றால், சட்டத்தைப் பூட்டும் ஆணி இறுகிக்கொண்டு வெளியே வராது. அதனால் கேம்ப்சைட் வாசலுக்கு முன்பே, நேரான தரையில் கழற்றிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் கீழே, ஸ்டீயரிங் லாக் விடுபடும் அளவுக்குச் சாவி.

லூட்டன்: லைசென்ஸ்?

1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் டெஸ்ட் பாஸானவர்கள் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட டீசல் மோட்டார்ஹோமுக்கு சி1 என்ற லைசென்ஸ் வகையை (சிட்ரோயன் சி1 அல்ல) எடுக்க வேண்டும். வண்டி 3,500க்குள் என்றால், 2021 டிசம்பர் 16 முதல் டிரெய்லருக்குத் தனி டெஸ்ட் இல்லை.

வெம்பிளி: 90 நாள் ஷெங்கன் கணக்கு...

ஐரோப்பாவில் எத்தனை நாள் தங்கலாம் என்பது குடிவரவு விஷயம். அதற்கான வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மில்டன் கீன்ஸ்: ஸ்பெயினில் ஏ-ஃபிரேம் ஓகேவா?

மேலே குரோய்டனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரெடிங்: இரண்டு வாரப் பயணம்தான். கார் தேவையா?

தேவையில்லை அம்மா. ஃபெர்ரியில் நீளத்துக்கும் காசு. பஸ் நிறுத்தம் பக்கத்தில் உள்ள கேம்ப்சைட்டாகப் பாருங்கள். இரண்டு நாள் வாடகைக் கார் எடுத்தாலும் மலிவாகவே முடியும். குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் தங்குகிறவர்களுக்குத்தான் டிரெய்லர் செலவு கட்டும். இறக்கி ஓட்டும் காருக்கும் எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை), வரி, இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். வி5சி (வண்டிப் பதிவுச் சான்று) அசலைக் கையில் வைத்திருங்கள்.