பிரிட்டிஷ் காலத் தீர்ப்புகள்: குத்தகை, கடன், கொலை வழக்குகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூட்டனார் ஜமீன் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதவர். ஜமீன்தார் நினைத்தால் அவரை அடுத்த ஆண்டே வெளியேற்றியிருக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். சரிதானா?

பதில்: நண்பர் சொல்வது ஒரு காலம் வரை வலுவாக இருந்த வாதம். 1802ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரி ஏற்பாடு ஜமீன்தாருக்கு நில உடைமை உரிமையை அளித்தது. அச்சொற்களை இங்கிலாந்தின் நிலவுடைமை வழக்கத்தோடு சேர்த்துப் படித்தவர்களுக்கு, குடியானவர் ஆண்டுக்கு ஆண்டு தங்கிப்போகும் குத்தகைதாரராகவே தெரிந்தார். 1897ஆம் ஆண்டு வெங்கடநரசிம்ம நாயுடு எதிர் தண்டமூடி கோட்டய்யா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வாசிப்பை ஏற்கவில்லை. அந்த அமர்வில் இருந்த நீதிபதி சுப்பிரமணிய ஐயர், விளைச்சலில் மேல்வாரம் என்ற பங்கு ஜமீன்தாருடையது, குடிவாரம் என்ற பங்கு உழுபவருடையது என்ற பழைய பிரிவிலிருந்து தொடங்கினார். குடியானவரின் உரிமை ஜமீன்தார் கொடுத்துப் பிறந்ததன்று. ஆகவே வெளியேற்றும் உரிமை தமக்கு உண்டு என்று சொல்பவர்தாம் அதை நிரூபிக்க வேண்டும் என்பது முடிவு. கையெழுத்திட்ட பழைய முச்சலிக்காவோ (குடியானவர் எழுதிக்கொடுக்கும் ஒப்புதல் பத்திரம்) பட்டாவோ எத்தனை வீடுகளில் செல்லரிக்காமல் இருந்திருக்கும்? நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் பிறகு குடியானவரின் நிலையான அனுபவ உரிமையை எழுத்தில் கொண்டுவந்தது. ஆனால் ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலத்துக்கு அது பொருந்தவில்லை. எனவே உங்கள் பூட்டனார் உழுதது எவ்வகை நிலம் என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: வங்காளத்தின் ‘பெரும் குத்தகை வழக்கு’ என்பது எது?

பதில்: 1859ஆம் ஆண்டின் 10ஆம் சட்டம், பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தை வைத்திருந்த குடியானவர் ‘நியாயமான’ குத்தகை செலுத்தினால் போதும் என்றது. எது நியாயம் என்று மட்டும் அது சொல்லவில்லை. அவுரித் தோட்டக்காரர் ஜேம்ஸ் ஹில்ஸ் தொடர்பான 1862ஆம் ஆண்டு வழக்கில், தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீக்காக் சந்தையில் போட்டியில் கிடைக்கக்கூடிய குத்தகையே நியாயம் என்றார். ‘பெரும் குத்தகை வழக்கு’ எனப்படுவது 1865இன் தாகுராணி தாசி வழக்கு; அதில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்தார்கள். பீக்காக் தம் கருத்திலேயே நிற்க, பெரும்பான்மையினர் வேறு கணக்குக்கு வந்தார்கள்: விளைச்சலின் விலை எந்த விகிதத்தில் ஏறியதோ அதே விகிதத்தில் குத்தகையும் ஏறலாம். விலை இரட்டித்தால் நான்கு ரூபாய்க் குத்தகை எட்டு ரூபாயாகும், அதற்கு மேல் ஆகாது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. பழைய விலையை எந்த ஏட்டைக் காட்டி நிரூபிப்பது என்பதில்தான் சிக்கல்.

கேள்வி: வயது வராதவர் எழுதிக்கொடுத்த அடமானம் செல்லாது என்றால், கடன் கொடுத்தவர் பணத்தையும் இழக்க வேண்டுமா? இது அநியாயமாகப் படுகிறது.

பதில்: மொஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். 1895இல் தர்மதாஸ் தம் சொத்தை பிரம்ம தத் என்ற வட்டிக்கடைக்காரருக்கு 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதினார். நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்ததால், 1875ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் மேஜராவது 18 வயதில் அன்று, 21 வயதில். அவருடைய தாயின் வழக்கறிஞர் இதைக் கடிதம் மூலம் முன்பே தெரிவித்திருந்தார். கடனை முடித்துக்கொடுத்த முகவரின் கைக்கு அது வந்தும் சேர்ந்தது. 1903இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே இல்லாத ஒன்று என்று தீர்த்தது. கொடுத்த பணத்தையாவது திருப்பித் தரச் சொல்லுங்கள் என்ற வேண்டுகோளும் எடுபடவில்லை. அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இவர் தெரிந்தே கொடுத்தவர். உண்மை தெரியாமல் ஏமாந்து கடன் கொடுத்தவருக்கும் இதே தீர்ப்பை அப்படியே பொருத்துவதுதான் கடினம்.

கேள்வி: சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: தாயிடம் சொத்தைத் தானமாகப் பெற்ற மகள், அதற்கு ஈடாகத் தாயின் உடன்பிறந்தவருக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, அவரிடம் தான் எதுவும் பெறவில்லையே என்று மறுக்க முடியாது என்று 1882இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்தில் மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது, வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வர வேண்டும். நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலோ ‘அல்லது வேறு எவரேனும்’ என்ற சொற்கள் இருக்கின்றன.

கேள்வி: ஒருவரைக் கொல்ல நினைத்து வேறொருவர் இறந்தால் கொலையா? இறந்துவிட்டார் என்று நினைத்துத் தூக்கில் தொங்கவிட்டு, அதனால் இறந்தால்?

பதில்: இரண்டுக்கும் சென்னைத் தீர்ப்புகள் உண்டு. 1912ஆம் ஆண்டு சூரியநாராயண மூர்த்தி வழக்கில், காப்பீட்டுப் பணத்துக்காக ஒருவருக்கு நஞ்சு கலந்த அல்வா கொடுக்கப்பட்டது. அவர் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை எறிந்தார். அதை எடுத்துத் தின்ற சிறுமி இறந்தாள். அவரோ பிழைத்துக்கொண்டார். நீதிபதிகளிடையே கருத்து வேறுபட்டாலும், பெரும்பான்மை அதைக் கொலை என்றே கொண்டது. கொல்லும் எண்ணம் இருந்தது, அதன் விளைவாக ஓர் உயிர் போனது; எந்த உயிர் என்பது குற்றத்தை மாற்றாது.

1919ஆம் ஆண்டு பழனி கவுண்டன் வழக்கு இன்னும் நுட்பமானது. கணவன் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான். அவள் மயங்கினாள். இறந்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலையாகத் தோன்றும்படி தொங்கவிட்டான். கயிறுதான் உயிரைப் பறித்தது. அடித்தபோது கொல்லும் எண்ணம் நிரூபணமாகவில்லை, தொங்கவிட்டபோது அவன் மனத்தில் இருந்தது ஒரு பிணம். ஆகவே கொலையன்று, கொடுங்காயமே என்றது முழு அமர்வு. 1933ஆம் ஆண்டு காளியப்ப கவுண்டன் வழக்கில், தொடக்கத்திலேயே கொல்லும் எண்ணம் இருந்ததால், பிணம் என்று எண்ணி ரயில் தண்டவாளத்தில் கிடத்தியதும் அதே செயலின் தொடர்ச்சியாகி, கொலையாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் முதல் அடியின்போது இருந்த மனநிலையே எல்லைக்கோடு என்பது விளங்கும். பழனி கவுண்டன் தீர்ப்பு மனத்துக்கு உவக்காததுதான்; ஆனால் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

கேள்வி: ‘20 மெட்ராஸ் 299’ என்றால் என்ன?

பதில்: 1876இல் தொடங்கிய இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் வரிசையில், சென்னைத் தொகுதிகளில் இருபதாவது, 299ஆம் பக்கம். முதல் பதிலில் சொன்ன கோட்டய்யா வழக்கு அங்கேதான் இருக்கிறது.