பாழடைந்த மனநல மருத்துவமனையைப் படம் எடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வட வேல்ஸில் டென்பி என்ற ஊரில் விக்டோரியா காலத்து மனநல மருத்துவமனை ஒன்று பாழடைந்து கிடக்கிறது. நண்பர்களோடு வேலி தாண்டி உள்ளே போய்ப் படம் எடுக்கலாம் என்றிருக்கிறோம். உங்கள் யோசனை என்ன? (ஒரு மாணவர், லிவர்பூல்)

வேலி தாண்டாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவது மட்டும் பொதுவாகக் குற்ற வழக்காகாது, சிவில் விவகாரம்தான். ஆனால் ஒரு பூட்டை உடைத்தாலோ, ஒரு கதவுக் குமிழை ஞாபகார்த்தமாக எடுத்து வந்தாலோ கதை மாறிவிடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை தரையைப் பற்றியது. இப்படிப்பட்ட கட்டிடங்களில் முதலில் திருடு போவது கூரையில் இருக்கும் ஈயத் தகடு. அது போனதும் மழை உள்ளே இறங்கும், மரச்சட்டங்கள் உளுத்துப்போகும், மேலே பார்த்தால் பலகை ஒழுங்காகத்தான் தெரியும், கால் வைத்தால் கீழ்த்தளத்தில் கிடப்பீர்கள். பழைய வெந்நீர்க் குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசி செய்யும் கெடுதல் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தெரியவரும். டென்பியில் 2008 நவம்பரில் பிடித்த தீயில் பெரிய மண்டபமே போய்விட்டது.

அந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் வெளியிலிருந்தே நல்ல படம் கிடைக்கும். 1840களில் மனநோய் வந்த வேல்ஸ்காரர்களை இங்கிலாந்தில் இருந்த மனநலக் காப்பகங்களுக்கு அனுப்பிவந்தார்கள். அங்கே மருத்துவருக்கு வேல்ஸின் தாய்மொழியான வெல்ஷ் தெரியாது, நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன வலி, என்ன பயம் என்று சொல்ல வழியில்லாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். க்ளாஸ்டர் காப்பகத்தின் மருத்துவர் சாமுவேல் ஹிட்ச் இந்தக் கொடுமையை வெளியே எழுதினார். அதன் பிறகு நன்கொடை திரட்டி, தாய்மொழியில் பேசக்கூடிய இடமாக 1848இல் திறந்ததுதான் டென்பி. ஏறக்குறைய 200 பேருக்காகக் கட்டியது, 1950களில் 1,500 பேரை வைத்திருந்தது. 1995இல் மூடினார்கள். நல்லெண்ணத்தில் எழுந்த கட்டிடம் எப்படி நெரிசல் மிகுந்த கிடங்காக மாறியது என்பதுதான் அந்தச் சுவர்களில் பார்க்க வேண்டிய விஷயம்.

சரி, முறையாக உள்ளே போகத்தான் வேண்டும் என்றால், பிரிஸ்டலில் பழைய காப்பகத்தின் தேவாலயத்தில் க்ளென்சைட் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே தொடங்குங்கள். மற்ற கட்டிடங்களுக்கு உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள். என்ன எடுக்கப் போகிறீர்கள், எத்தனை பேர் வருகிறீர்கள், காப்பீடு இருக்கிறதா என்று தெளிவாக எழுதினால் சிலர் சம்மதிக்கிறார்கள்.

கேள்வி: பைத்தியக்கார ஆஸ்பத்திரியை ஏன் அரண்மனை மாதிரி கட்டினார்கள்? (ஓர் ஆசிரியை, திருச்சி)

முதலில் அந்தச் சொல் வேண்டாமே, மனநல மருத்துவமனை என்போம். 1845இல் இங்கிலாந்து, வேல்ஸில் வந்த சட்டம், ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) ஏழை நோயாளிகளுக்குக் காப்பகம் கட்டியே ஆக வேண்டும் என்றது. நல்ல காற்று, தோட்டம், ஒழுங்கான வேலை, இவையே மருந்து என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், அதனால் ஊருக்கு வெளியே மேட்டு நிலமாகப் பார்த்துக் கட்டினார்கள். பண்ணை, ரொட்டி அடுப்பு, சலவைக்கூடம், நடன மண்டபம் எல்லாம் உள்ளேயே. தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் மைல் கணக்கில் தெரியும். 1961இல் பிரிட்டன் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல் அந்தக் கோபுரங்களைச் சொல்லித்தான் இவற்றை மூட வேண்டும் என்று பேசினார்.

படம் எடுப்பவர்கள் கவனிக்காமல் போவது சின்ன விஷயங்களைத்தான். ஜன்னல் பெரிதாக இருக்கும், ஆனால் ஒரு சாண் கூடத் திறக்காது. மோதினால் காயம் படக் கூடாது என்று சுவர் மூலைகளை வளைத்திருப்பார்கள். தோட்டத்து மதில் வெளியிலிருந்து பார்த்தால் இடுப்பளவுதான், உள்பக்கம் பள்ளம் தோண்டியிருப்பதால் ஏறித் தப்ப முடியாது. நோயாளி தூரத்து வயலைப் பார்க்கலாம், போக முடியாது. இந்த மூன்றையும் ஒழுங்காக எடுத்தால் போதும், அங்கே வாழ்ந்தவர்களின் நாள் எப்படிப் போயிருக்கும் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: இருட்டான நீள நடைவழியை எடுத்தால் ஜன்னல் வெளுத்துப்போகிறது, மற்றதெல்லாம் கறுப்பு. என்ன செய்வது? (ஒரு வாசகர், கோவை)

கேமராவை முக்காலியில் (டிரைபாட்) நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, சில விநாடி எக்ஸ்போஷர் (ஒளி விழும் நேரம்). ஃபிளாஷ் வேண்டாம். ஒரே கோணத்தில் வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்துப் பிறகு சேருங்கள். மேகம் மூடிய நாளில் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: சக்கர நாற்காலியில் உடைந்த பொம்மையை உட்கார வைத்து எடுத்தேன், நிறைய லைக். நண்பர் ஒருவர் திட்டுகிறார். இதில் என்ன தப்பு? (ஒரு வாசகர், சென்னை)

உங்கள் நண்பர் பக்கம்தான் நான். யார்க்‌ஷயரில் ஹை ராய்ட்ஸ் என்ற மனநல மருத்துவமனை இருந்தது. அதன் இடுகாட்டில் 2,861 நோயாளிகளைப் புதைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு பெயர்க்கல் கூடக் கிடையாது. மனைவி, மகள், தம்பி என்று யாரோ ஒருவருக்குச் சொந்தமானவர்கள்தான் அத்தனை பேரும். அப்படிப்பட்ட இடத்தில் பொம்மை வைத்துப் பேய்க்கதை சொன்னால், உயிரோடு இருந்தபோது அவர்களைக் கண்டு ஊர் பயந்ததையே நாமும் திரும்பச் செய்கிறோம். இருந்த பொருளை இருந்தபடியே எடுங்கள். நோயாளியின் பெயர் உள்ள காகிதம் கண்ணில் பட்டால் படம் எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா? (ஒரு மாணவி, வேலூர்)

1871இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை அதே காலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது பாழடைந்த இடமில்லை, இன்றும் சிகிச்சை நடக்கிறது, ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். பழைய கட்டிடத்தில் ஆர்வம் என்றால் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். முடியாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள், சுற்றுச்சுவருக்கு மேலே கேமராவை நீட்ட வேண்டாம்.